அம்மாவுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்: எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட ஏதாவது கொடுக்கலாமா?

பொகவந்தலாவை மகள் · மாலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். அம்மா கொழுந்து பறித்தே எங்களை வளர்த்தவர். சில வருடங்களுக்கு முன் இடது மார்பில் கட்டி கண்டு சத்திரசிகிச்சை செய்தார்கள். இந்த வருடம் முதுகு வலி தொடங்கியது. மலை ஏறி இறங்கிய உடம்புக்கு வரும் வலிதான் என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தபோது முள்ளந்தண்டிலும் ஈரலிலும் நோய் பரவியிருப்பது தெரிந்தது. இப்போது கண்டியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள்.

கடந்த கிளினிக்கில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டன, அடுத்த வாரம் வாருங்கள் என்று மருந்து ஏற்றாமலே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்திய ரிப்போர்ட்டில் அதே அணுக்கள் அளவுக்கு மேல் இருந்தன. அப்போது அம்மாவுக்குச் சக்தி நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். இப்போது ஒன்றும் விளங்கவில்லை.

லயத்தில் வந்து பார்ப்பவர்கள் எல்லோரும் எதிர்ப்புச் சக்தி போய்விட்டது, அதைக் கூட்டு என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் சீந்தில் கஷாயம் என்கிறார், ஒருவர் முள்சீத்தா இலை என்கிறார். டின்னில் வரும் ஒரு பவுடரை வாங்கச் சொல்லி மாமா வற்புறுத்துகிறார். அதன் விலை அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. நோய் பரவினால் உடலின் எதிர்ப்புச் சக்திக்கு உண்மையில் என்ன நடக்கிறது? இவற்றில் எதையாவது கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

உயிரியல் சேர், ஹட்டன் · இரவு 7.35

மகள், உங்கள் முதல் கேள்விக்கு என்னால் இயன்ற பதிலைச் சொல்கிறேன். கொடுக்கலாமா, கூடாதா என்பதை மருத்துவத் துறையில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

எதிர்ப்புச் சக்தியைத்தான் பாடப்புத்தகத்தில் நிர்ப்பீடனம் என்று படிக்கிறோம். அது ஒரே பொருள் அல்ல. பல வகை வெண்குழியங்களும் (நீங்கள் சொன்ன வெள்ளை அணுக்கள்) அவை சுரக்கும் இரசாயனங்களும் சேர்ந்த பெரிய ஏற்பாடு. புற்றுநோய் பரவிய ஒருவரிடம் இந்த ஏற்பாட்டின் சில பகுதிகள் களைத்துப் போகின்றன, சில பகுதிகள் அடக்கப்படுகின்றன, சில பகுதிகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. மூன்றும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற ஆலோசனை பிழைப்பது இங்கேதான். எதைக் கூட்டுவது?

சற்று விரிவாகச் சொல்கிறேன். மாற்றமடைந்த கலங்களை நம் உடல் அடையாளம் கண்டு அழிக்கிறது. அமெரிக்காவின் ரொபர்ட் ஷ்ரைபரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2002இல் இதை மூன்று கட்டங்களாக விளக்கினார்கள். முதலில் அழித்தல். அழியாமல் எஞ்சிய கலங்கள் வளரவும் முடியாமல், சாகவும் செய்யாமல் அடங்கிக் கிடக்கும் சமநிலை இரண்டாவது. மூன்றாவது தப்பித்தல். சமநிலைக் கட்டம் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு 2003இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை சாட்சி. தோலில் வரும் மெலனோமா புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து 16 வருடங்கள் கழிந்த ஒருவரின் சிறுநீரகங்கள் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. அந்த இருவரிடமும் மெலனோமா தோன்றியது. கொடுத்தவரின் உடலில் இத்தனை காலம் அடக்கி வைக்கப்பட்டிருந்த கலங்கள், நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து எடுக்கும் உடலுக்குள் போனதும் வளர்ந்துவிட்டன. உங்கள் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் சில வருடங்கள் ஒன்றும் இல்லாமல் இருந்து, பின்னர் நோய் வெளிப்பட்டதற்கும் இப்படி அடங்கிக் கிடந்த கலங்கள் காரணமாக இருக்கலாம். யாரும் கவனிக்காமல் விட்டதால்தான் வந்தது என்று எண்ணி வருந்த வேண்டாம்.

தப்பித்த கலங்கள் எப்படித் தப்புகின்றன? ஒவ்வொரு கலமும் தன் உள்ளே என்ன நடக்கிறது என்பதன் துணுக்குகளை மேற்பரப்பில் காட்டிக்கொண்டிருக்கும். கொல்லும் டி கலங்கள் என்ற வெண்குழியங்கள் அதைப் பார்த்துத்தான் நோயுற்ற கலத்தை இனங்காண்கின்றன. பல புற்றுக் கலங்கள் அந்தக் காட்டலையே நிறுத்திவிடுகின்றன. அப்படி நிறுத்தியவற்றைத் தாக்குவதற்கு இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்று வேறொரு வகை இருக்கிறது. ஆனால் இரத்தத்தில் பயணம் செய்யும் புற்றுக் கலங்களைச் சுற்றி, இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்கள் ஒட்டிக்கொள்வதால், கொல்லிக் கலங்களால் அவற்றை எளிதில் அணுக முடிவதில்லை.

அடுத்தது களைப்பு. டி கலங்கள் மாதக்கணக்காக ஒரே எதிரியைச் சந்தித்துக்கொண்டிருந்தால் அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 போன்ற தடுப்பு ஏற்பிகள் பெருகுகின்றன. புற்றுக் கலங்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை வெளிக்காட்டி அந்த ஏற்பியைத் தூண்டுகின்றன. டி கலம் உயிரோடு இருக்கும், கட்டிக்குள்ளேயே இருக்கும், ஆனால் கொல்லாது. இதோடு ஒழுங்குபடுத்தும் டி கலங்களும் கட்டியைச் சுற்றிக் குவிகின்றன. சாதாரண நாளில் நம் உடலை நாமே தாக்கிக்கொள்ளாமல் தடுப்பது இவற்றின் வேலை. இவற்றைக் கண்டறிந்த ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சிக்கும் அமெரிக்காவின் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நல்ல வேலை செய்யும் இதே கலங்கள் கட்டிக்குள் புற்றுநோய்க்குப் பாதுகாப்பாகிவிடுகின்றன.

பரவும் இடமும் முக்கியம். 1889இல் ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, நோய் கண்ட இடத்துக்கெல்லாம் போவதில்லை, சில உறுப்புகளையே நாடுகிறது என்று காட்டினார். விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர். தேயிலை நாற்றுமேடை போட்ட நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஈரல் அப்படி ஒரு மண். குடலிலிருந்து வரும் உணவுப் பொருள்களை எல்லாம் எதிரி என்று தாக்காமல் பொறுத்துப் போகப் பழகிய உறுப்பு அது. அந்தப் பொறுமையின் பயனை அங்கே குடியேறும் புற்றுக் கலங்களும் பெறுகின்றன. என்பு மச்சை இன்னொன்று. வெண்குழியங்கள் பிறக்கும் இடமே அதுதான் என்பதால், அங்கே நோய் பரவினால் உற்பத்தியும் குழம்பும்.

கடைசியாக, முழு உடம்பும். நோய் பரவியவர்களிடம் ஓயாத அழற்சி ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தில் கூடுகின்றன. அதனால் பசி போகிறது, தசை கரைகிறது, சோர்வு தீருவதில்லை. இது நிர்ப்பீடனம் குறைந்ததால் வருவதல்ல. அதன் ஒரு பகுதி நிறுத்தமின்றி இயங்குவதால் வருவது.

பசறை மூலிகைத்தோட்டம் · இரவு 8.10

சேர் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் தகப்பனும் பாட்டனும் நாட்டு வைத்தியர்கள். சீந்திலை (சிங்களவர் ரசகிந்த என்பார்கள்) காய்ச்சலுக்கும் பலவீனத்துக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்திருக்கிறோம். தோட்டத்தில் டொக்டர் இல்லாத காலத்தில் சனம் எதை நம்பிப் பிழைத்தது? மூலிகையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். தங்கச்சி, ஒரு வாய்க் கஷாயத்தால் அம்மாவுக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

தாதி அக்கா · இரவு 8.40

புற்றுநோய் வார்ட்டில் நீண்ட காலம் வேலை செய்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பசறை அண்ணன், உங்கள் குடும்பத்தின் சேவையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கெடுதல் வரலாம். தங்கச்சியின் அம்மாவுக்கு நோய் ஈரலில் இருக்கிறது. கீமோ மருந்துகளில் பலவற்றை உடைத்து வெளியேற்ற வேண்டியதும் அதே ஈரல்தான். சீந்தில் எடுத்தவர்கள் சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் அறிக்கையாக வெளியிட்டார்கள். சீந்தில் நிர்ப்பீடனத்தைத் தூண்டுவதால், உடல் தன் ஈரலையே தாக்கியிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஈரல் பரிசோதனை கொஞ்சம் பிசகினாலும் அடுத்த கீமோ தள்ளிப்போகும். காரணம் நோயா, மருந்தா, கஷாயமா என்று டொக்டருக்கும் தெரியாது. முள்சீத்தாவும் அப்படித்தான். ஆய்வுக்கூடக் குடுவையில் கலங்களைக் கொன்றது என்பது நோயாளியிடம் வேலை செய்தது ஆகாது. பரவிய புற்றுநோயை அது கட்டுப்படுத்தியதாக நம்பத்தக்க மருத்துவ ஆய்வு எதுவும் காட்டவில்லை.

டின் பவுடருக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காசுக்கு முட்டை, பருப்பு, நெத்தலி, பால் வாங்குங்கள். நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அது ஏன் என்று நாளை விவரமாக எழுதுகிறேன். இப்போது இரவு டியூட்டி.

பசறை மூலிகைத்தோட்டம் · இரவு 8.55

அந்த மும்பை அறிக்கையை இந்தியாவில் பாரம்பரிய மருத்துவத்துக்குப் பொறுப்பான ஆயுஷ் அமைச்சு மறுத்ததையும் சொல்லுங்கள் மிஸ். சீந்தில் போலவே தோற்றமளிக்கும் வேறு கொடிகள் இருக்கின்றன. பிழையான கொடியை எடுத்திருக்கலாம்.

தாதி அக்கா · இரவு 9.05

மறுத்தது உண்மைதான் அண்ணன். ஆனால் லயத்துக்கு யாரோ கொண்டுவந்து கொடுக்கும் கொடி எது என்று அந்தத் தங்கச்சி எப்படிக் கண்டுபிடிப்பார்? நீங்கள் சொல்லும் காரணமே கொடுக்காமல் இருப்பதற்கும் காரணம்.

ஆய்வுக்கூடத் தம்பி, நுவரெலியா · இரவு 9.30

அக்கா, இரண்டு ரிப்போர்ட்டிலும் இருக்கும் மொத்த வெண்குழிய எண்ணிக்கையையும், அதில் நியூட்ரோபில் (கிருமிகளை முதலில் எதிர்க்கும் வகை), லிம்போசைட் சதவீதங்களையும் எழுதுங்கள். பெயர், கிளினிக் இலக்கம் எதுவும் வேண்டாம்.

பொகவந்தலாவை மகள் · இரவு 9.50

முதலாவது: மொத்தம் 12,400. நியூட்ரோபில் 84, லிம்போசைட் 9.
இரண்டாவது: மொத்தம் 2,100. நியூட்ரோபில் 38, லிம்போசைட் 46.
லிம்போசைட் 9இலிருந்து 46 ஆகியிருக்கிறதே, அது நல்லதுதானே தம்பி?

ஆய்வுக்கூடத் தம்பி, நுவரெலியா · இரவு 10.15

பலரும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் அக்கா. சதவீதத்தைப் பார்க்காமல் மொத்தத்தோடு பெருக்கிப் பாருங்கள். முதல் ரிப்போர்ட்டில் லிம்போசைட், அதாவது நிணநீர்க் குழியம், 12,400இல் 9 வீதம், ஏறக்குறைய 1,100. இரண்டாவதில் 2,100இல் 46 வீதம், ஏறக்குறைய 970. கூடவில்லை, சற்றுக் குறைந்திருக்கிறது. நியூட்ரோபில் வெகுவாக விழுந்துவிட்டதால் மற்றதன் பங்கு பெரிதாகத் தெரிகிறது.

நியூட்ரோபில் முதலில் 10,400 அளவில் இருந்தது, இப்போது 800. இதுதான் கீமோவைத் தள்ளிவைத்ததற்குக் காரணம். 1,500க்குக் கீழே போனால் குறைவு என்போம். 500க்குக் கீழே போனால் கிருமித் தொற்று எந்த நேரமும் ஆபத்தாக மாறலாம்.

அப்படியானால் 12,400 என்று இருந்தபோது அம்மா பலமாக இருந்தாரா? இல்லை. கீமோவுக்கு முன் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை கொடுத்திருப்பார்கள், கிளினிக் கொப்பியைப் பாருங்கள். இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில்களை அது இரத்த ஓட்டத்துக்குள் இறக்கிவிடும், நிணநீர்க் குழியங்களைக் குறைக்கும். எண்ணிக்கை கூடும், பாதுகாப்பு கூடாது. கட்டியும் என்பு மச்சையைத் தூண்டி நியூட்ரோபில்களையும் இன்னும் முதிராத வெண்குழியங்களையும் அதிகமாக வெளிவிடச் செய்யும். அந்த முதிராத குழியங்கள் டி கலங்களை அடக்கும். நியூட்ரோபில்கள் எப்போதும் நம் பக்கம் என்றும் சொல்ல முடியாது. இரத்தத்தில் பயணிக்கும் மார்பகப் புற்றுக் கலங்களோடு நியூட்ரோபில்கள் சேர்ந்துகொண்டால் அந்தக் கலங்கள் வேகமாகப் பெருகுகின்றன என்று 2019இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் விகிதத்தைப் பற்றி இணையத்தில் நிறைய வாசிப்பீர்கள். பல வகைப் புற்றுநோய்களில் அது கூடுதலாக இருப்பவர்களின் ஆயுள் பொதுவாகக் குறைவு என்பது உண்மை. அது ஆயிரக்கணக்கானோரின் சராசரி. ஒரு ரிப்போர்ட்டை வைத்து, அதுவும் டெக்சாமெதசோன் எடுத்த வாரத்து ரிப்போர்ட்டை வைத்து, அம்மாவின் நாட்களை வீட்டில் கணக்குப் பார்க்காதீர்கள்.

பொகவந்தலாவை மகள் · இரவு 10.40

டெக்சாமெதசோன் கொப்பியில் இருக்கிறது தம்பி. முதன்முறையாக அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து ஏதோ விளங்குகிறது. மிக்க நன்றி.

தாதி அக்கா · மறுநாள் காலை 8.20

வாக்களித்தபடி எழுதுகிறேன். 800 என்ற எண்ணைப் பார்த்த பிறகு இது இன்னும் அவசரமாகிறது.

கீமோ ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் நியூட்ரோபில் மிகக் கீழே போகும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. நியூட்ரோபில் இல்லாத உடம்பில் சீழ் கட்டாது, தொண்டை பெரிதாகச் சிவக்காது, நெஞ்சுப் படத்திலும் தெளிவாகத் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்துவிடலாம். வைத்தியசாலை வாசலை அடைந்து ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏறவேண்டும் என்பதுதான் உலகெங்கும் உள்ள இலக்கு.

வெப்பமானி 38 பாகை செல்சியஸ், பாரன்ஹைட்டில் 100.4, காட்டினால் உடனே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். உங்கள் கிளினிக்கில் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெப்பமானியை வைத்துப் பார்க்காமல் பனடோல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் காய்ச்சல் மறையும், தொற்று மறையாது. டெக்சாமெதசோன் எடுக்கும் நாட்களில் காய்ச்சலே வராமலும் இருக்கலாம். நடுங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ வெப்பநிலை சரியாக இருந்தாலும் புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயம் வரை வண்டி ஏற முடியாவிட்டால் எந்தச் சந்திக்கு அம்மாவைக் கொண்டு வருவது, யார் தூக்குவது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். கண்டி வரை போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் ஊசி டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ ஏறட்டும், மாற்றுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நியூட்ரோபிலைக் கூட்ட பில்கிராஸ்டிம் என்ற ஊசி இருக்கிறது. அடுத்த சுற்றில் டொக்டர் அதைத் தரலாம். என்பு மச்சையைத் தூண்டி நியூட்ரோபில்களை விரைவாக வெளிவரச் செய்யும். கிருமித் தொற்றிலிருந்து காப்பதற்குத்தான் அது, புற்றுநோயை எதிர்ப்பதற்கு அல்ல. 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையக் கூடாது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையென்றால் தோட்ட டிஸ்பென்சரியில் வைத்துப் போடலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஹப்புத்தளைக் காற்று · காலை 9.45

மிஸ் சொல்வது எவ்வளவு உண்மை என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. அப்பா வெற்றிலையும் புகையிலையும் ஒருநாளும் விட்டவர் அல்ல. புற்றுநோய் நாக்கில் வந்தது, கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போனது, பின்னர் நுரையீரலுக்கு. கீமோ நடந்துகொண்டிருந்தபோது மழை இரவு ஒன்றில் காய்ச்சல். வீதியில் மண் சரிந்து வேன் சுற்றுப்பாதையில் போனது. போய்ச் சேர்ந்த வைத்தியசாலையில் வெளிநோயாளர் வரிசையில் உட்காரச் சொன்னார்கள். காய்ச்சல்காரர் நிறையப் பேர் இருந்தார்கள், டெங்கு காலம். கீமோ எடுப்பவர் என்று நாங்கள் தமிழில் சொன்னது அங்கே யாருக்கும் விளங்கவில்லை. அண்ணன் கிளினிக் கொப்பியைத் திறந்து, புற்றுநோய் டொக்டர் எழுதியிருந்த பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். அதன் பிறகுதான் டொக்டர் ஓடி வந்தார்.

அதனால் தங்கச்சி, அடுத்த கிளினிக்கில் கொப்பியின் முதல் பக்கத்தில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள்: கீமோ பெறும் நோயாளி, கடைசியாக மருந்து ஏற்றிய திகதி, காய்ச்சல் வந்தால் உடனே இரத்தம் எடுத்து நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கவும். மொழி தெரியாத மனிதரின் உயிர் ஒரு வரிசையில் காத்திருக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அப்பா பின்னர் நோயால்தான் காலமானார். அந்த இரவுத் தொற்றால் அல்ல. இடையில் கிடைத்த மாதங்களில் தங்கையின் கல்யாணத்தைப் பார்த்தார்.

தலவாக்கலை மகன், கொழும்பில் · பகல் 12.30

நான் கொழும்பில் கடையில் வேலை. என் பெரியம்மாவுக்கும் பரவிய மார்பகப் புற்றுநோய்தான். இங்கே ஒருவர் இம்யூனோதெரபி என்று ஒன்று இருக்கிறது, நிர்ப்பீடனத்தை எழுப்பிவிடும், காசு சேர்த்தால் செய்யலாம் என்றார். நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேசுகிறார்கள். சேர் சொன்ன பிடி-1 என்பது இதுதானா? எல்லோருக்கும் வேலை செய்யுமா?

உயிரியல் சேர், ஹட்டன் · பிற்பகல் 2.15

அதேதான் தம்பி. ஜப்பானின் தசுகு ஹொஞ்ஜோவின் குழு 1992இல் பிடி-1ஐக் கண்டறிந்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடுப்பு ஏற்பியை மறித்தால் எலிகளில் கட்டி கரைவதைக் காட்டினார். அந்த வழியில் பிறந்த இபிலிமுமாப் 2011இலும், பிடி-1ஐ மறிக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் பரவிய மெலனோமாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2018இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய சிலர் இம்மருந்துகளால் பல வருடங்கள் வாழ்கிறார்கள். இது பெரிய சாதனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் எல்லோருக்கும் இல்லை. டி கலங்கள் கட்டிக்குள் நுழைந்து களைத்து நிற்கும் நோயாளிகளிடம் இது பலன் தர வாய்ப்புக் கூடுதல். டி கலங்களே நுழையாத கட்டியில், அல்லது துணுக்குகளைக் காட்டுவதை நிறுத்திவிட்ட கட்டியில், தடையை நீக்கியும் பயன் குறைவு. மெலனோமா, நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களில் நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். மார்பகத்தில் பெரும்பாலும், ஹோர்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இல்லாத மும்மறை வகை என்பதற்கு மட்டும், அதிலும் பரவியிருந்தால் பிடி-எல்1 பரிசோதனையில் போதிய அளவு இருந்தால்தான். ஈரலில் பரவியவர்களிடம் பலன் குறைவது முன்பே கவனிக்கப்பட்டிருந்தது. 2021இல் அதற்கு ஒரு காரணமும் தெரிந்தது: ஈரலில் உள்ள மக்ரோபேஜ் என்ற விழுங்கும் கலங்கள், சுற்றிவரும் டி கலங்களைப் பிடித்து அழிந்துபோகச் செய்கின்றன. எலிகளில் செய்த ஆய்வு அது. நோயாளிகளிடம் கண்டதோடு ஒத்துப்போகிறது.

தடையை நீக்கினால் டி கலங்கள் புற்றுநோயை மட்டும் தாக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குடல், நுரையீரல், தைரொயிட், ஈரல் எதிலும் கடும் அழற்சி வரலாம். அதற்கு மீண்டும் ஸ்டீரொயிட் கொடுத்து அடக்க வேண்டும். பக்கத்தில் நிபுணர் இருக்கும் இடத்தில் செய்யவேண்டிய சிகிச்சை.

அடகுக் கடைக்குப் போவதற்கு முன் பெரியம்மாவின் கட்டி எந்த வகை, ஹோர்மோன் ஏற்பிகள், ஹெர்-2 முடிவு என்ன என்று கேளுங்கள். கடைக்குப் பக்கத்து மனிதரிடம் அல்ல, அவரைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம். ஹெர்-2 இருந்தால் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது, 1998 முதல் பயன்பாட்டில் உள்ளது. அதுவே ஒரு பிறபொருளெதிரிதான். புற்றுக் கலத்தில் ஒட்டிக்கொண்டு, இயற்கைக் கொல்லிக் கலங்கள் அதைத் தாக்குவதற்கும் உதவுகிறது. விளம்பரத்தில் வருகிற பெயர் இல்லாவிட்டாலும் நிர்ப்பீடனத்தைப் பயன்படுத்தும் சிகிச்சைதான்.

தலவாக்கலை மகன், கொழும்பில் · பிற்பகல் 2.50

நன்றி சேர். பெரியம்மாவுக்கு எந்த வகை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதை முதலில் கேட்கிறேன்.

பசறை மூலிகைத்தோட்டம் · மாலை 5.10

எல்லாம் வாசித்தேன். ஈரலில் நோய் இருக்கும்போது கஷாயம் வேண்டாம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டொக்டர்கள் எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை, நோயாளிகள் கஷாயம் குடிப்பதை அவர்களிடம் மறைக்கிறார்கள். மறைப்பதற்குக் காரணம் ஏச்சுக்குப் பயம். ஏசாமல் கேட்டால் சொல்வார்கள். உணவைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லையே? கொத்தமல்லித் தண்ணீர், வல்லாரை, இஞ்சி இவையும் விஷமா?

தாதி அக்கா · மாலை 6.30

ஏச்சைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம் அண்ணன். வார்ட்டில் நானே பார்த்திருக்கிறேன். ஏசுவதால் நோயாளி உண்மையை மறைக்கிறார், அதனால் பாதிக்கப்படுவதும் அவர்தான்.

கொத்தமல்லி, இஞ்சி, வல்லாரை உணவின் அளவில் பிரச்சினை இல்லை. நியூட்ரோபில் குறைந்த நாட்களில் வல்லாரையைச் சம்பலாக இல்லாமல் வறையாகச் செய்து கொடுங்கள். பச்சை உணவு அனைத்தையும் தடைசெய்வதால் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, ஆகவே பழங்களை நிறுத்த வேண்டாம். நன்றாகக் கழுவித் தோலுரித்துக் கொடுங்கள். கழுவும் தண்ணீர்தான் நம் தோட்டங்களில் கேள்வி. பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். வாயை உப்புத் தண்ணீரால் ஒரு நாளைக்குப் பலமுறை கொப்பளிக்கட்டும், கீமோவால் புண்ணாகும் வாய் கிருமிகள் நுழைய எளிய வழி. வெற்றிலை போடுபவராக இருந்தால் அதை நிறுத்த இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

தோட்டத்தில் இருப்பவர்கள் டொக்டரிடம் சொல்ல மறப்பவை இரண்டு. செருப்பில்லாமல் மலையில் நடந்த காலத்தில் தோல் வழியாக நுழையும் ஒரு வகை நூல்புழு பல வருடங்கள் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீரொயிட் மருந்தால் நிர்ப்பீடனம் அடங்கும்போது அது பல மடங்கு பெருகி உடல் முழுவதும் பரவலாம். காசநோயும் அப்படியே, முன்பு வந்திருந்தாலோ வீட்டில் யாருக்காவது இருந்தாலோ மீண்டும் தலைதூக்கலாம். இவை இரண்டையும் அம்மாவின் டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பொகவந்தலாவை மகள் · இரவு 8.15

மாமாவிடம் பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார், ஆனால் அந்தக் காசில் வெப்பமானி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்து லயத்து த்ரீவீலர் அண்ணன் எந்த நேரமும் கூப்பிடச் சொன்னார். கொப்பியின் முதல் பக்கத்தை அடுத்த கிளினிக்கில் எழுதி வாங்குவேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும் மிஸ். அக்காவின் பிள்ளை எங்களோடுதான் இருக்கிறது. ஒன்பது மாதம் ஆகிறது, தடுப்பூசி வருகிறது. அதனால் அம்மாவுக்கு ஏதும் வருமா? அம்மாவுக்கும் ஊசி எதுவும் போடலாமா?

தாதி அக்கா · இரவு 8.45

பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்தில் போடுவது எம்எம்ஆர். தாராளமாகப் போடுங்கள். அந்த ஊசியிலிருந்து அம்மாவுக்குத் தொற்றாது, பிள்ளைக்குச் சின்னமுத்து வராமல் இருப்பது அம்மாவுக்கும் பாதுகாப்பு. போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் திகதி வந்தால் மட்டும் வீட்டில் கீமோ எடுப்பவர் இருக்கிறார் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தச் சொட்டில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது, பிள்ளையின் மலத்தில் சில வாரங்கள் வெளிவரும். மாற்று வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். அந்த நாட்களில் பிள்ளையின் துணிகளை அம்மா கழுவ வேண்டாம், மாற்றுபவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

அம்மாவுக்கு உயிருள்ள தடுப்பூசி எதுவும் கீமோ காலத்தில் கூடாது. இன்புளுவென்சாவுக்கான கொல்லப்பட்ட வைரஸ் ஊசி போடலாம். களைத்த நிர்ப்பீடனம் முழுப் பலன் தராவிட்டாலும் கொஞ்சமாவது தரும். கீமோ சுற்றில் எந்த நாளில் போடுவது என்று அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு வாருங்கள்.